தலைகீழாகப் பறக்கப் பழகுவது காசுக்குப் பெறுமதியா?

வன்னியில் தலைக்கு மேல் விமானச் சத்தம் கேட்டால், அண்ணாந்து பார்க்க முன் பங்கரைத் தேடியவர்கள்தான் இன்று பைலட் படிக்க நிற்கும் பிள்ளைகளின் தாய் தகப்பன். ரத்மலானையில் வகுப்புக்குக் காசு கட்டச் சம்மதித்ததே பெரிய விஷயம். அதற்கு மேல் "ஏரோபட்டிக்ஸும் (விமான வித்தை) பழகப் போறன்" என்றால் "உனக்கென்ன விசரோ?" என்றுதான் கேட்பார்கள். நியாயமான கேள்வி. லூப் (செங்குத்து வட்டம்) அடித்துப் படம் போடுவதற்கென்றால் விசர்தான். ஆனால் ஸ்டோலையும் (இறக்கை தூக்குவலுவை இழப்பது) ஸ்பின்னையும் (சுழன்றுகொண்டு விழுவது) உடம்புக்குப் பழக்குவதற்கென்றால், தனியார் பைலட் லைசன்ஸ் எடுத்த கையோடு செய்யும் மூன்று முதல் ஐந்து மணித்தியாலப் பறப்பைப் போலப் பிரயோசனமான செலவு வேறில்லை.

2009 பெப்ரவரி 12 இல் அமெரிக்காவின் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் எயார் 3407 விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதே வருடம் ஜூன் 1 இல் எயார் பிரான்ஸ் 447 அத்திலாந்திக்கில் விழுந்தது, 228 பேர். இரண்டிலும் எஞ்சின்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஸ்டோலான விமானத்தின் மூக்கை இறக்க வேண்டிய நேரத்தில் கட்டுப்பாட்டுத் தண்டைப் பின்னுக்கு இழுத்தார்கள். அனுபவமுள்ள பைலட்டுகளின் கையே அப்படிப் போயிற்று. அதற்குப் பிறகுதான் ஐரோப்பா 2019 டிசம்பரிலிருந்து, பெரிய விமானங்களுக்கான முதல் தகுதி எடுக்க முன் 5 மணித்தியாலப் பாடமும் 3 மணித்தியாலப் பறப்பும் கொண்ட நிலைகுலைவு மீட்புப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது.

தை மாதத்தில் பட்டம் ஏற்றியவர்களுக்கு ஸ்டோலை விளங்கப்படுத்துவது சுகம். நூலைக் கட்டும் முச்சையின் மேல்கயிறு நீண்டுவிட்டால் பட்டம் காற்றுக்கு நெஞ்சைக் காட்டிக்கொண்டு நிற்கும். இழுவை கூடும், ஏறாது, தள்ளாடும். காற்றைக் குறை சொல்லிப் பயனில்லை, பிழை கோணத்தில். இறக்கையும் அப்படித்தான். காற்றைச் சந்திக்கும் கோணம் ஏறத்தாழ 15 பாகையைத் தாண்டினால் எந்த வேகத்திலும் ஸ்டோல் வரும். 60 பாகை சரித்து, உயரம் குறையாமல் திரும்பினால் 2 ஜி, அதாவது பாரம் இரு மடங்கு. ஸ்டோல் வேகம் 41 வீதம் கூடும். நேராகப் பறக்கையில் 50 நொட்டில் (மணிக்கு 50 கடல்மைல்) ஸ்டோலாகும் விமானம் அங்கே 70 இலேயே ஸ்டோலாகும். இதைப் புத்தகத்தில் எல்லோரும் படிக்கிறார்கள். 70 நொட்டில் தண்டு கையில் நடுங்குவதை உணர்ந்தவர்கள் குறைவு.

ஸ்பின் வருவதற்கு ஸ்டோலோடு மூக்கு பக்கவாட்டில் இழுபடுவதும் சேர வேண்டும். ஒரு இறக்கை மற்றதைவிட ஆழமாக ஸ்டோலாகி, அந்தப் பக்கம் சுழன்றுகொண்டு இறங்கும். இறங்க வரும்போது கடைசித் திருப்பத்தில் ஓடுபாதையைத் தாண்டிப் போய்விட்டால், கூடச் சரிக்கப் பயந்து உள்பக்க றடரை (மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும் வால் சுக்கான்) மிதிப்பார்கள். மூக்கு தாழும், தூக்க இழுப்பார்கள். சரிவு கூடும், எதிர்ப்பக்கம் எயிலரோன் (விமானத்தைச் சரிக்கும் இறக்கைத் தகடு) கொடுப்பார்கள். ஸ்பின்னுக்குத் தேவையான சாமான் முழுக்க வந்துவிட்டது. அந்த இடத்தில் உயரம் 500 அடியளவு. செஸ்னா 172 பயிற்சி விமானத்தின் கைநூல், ஒரு சுற்று ஸ்பின்னுக்கும் மீட்சிக்கும் சேர்த்து 1,000 அடி கணக்குச் சொல்கிறது. கழித்துப் பாருங்கள்.

ஆகவே ஸ்பின்னிலிருந்து மீளப் பழகுவதைவிட, அது வரப்போவதை இருக்கையில் உணரப் பழகுவதே பெரிது. நல்ல பயிற்றுநர் இதே பிழைத் திருப்பத்தை 5,000 அடிக்கு மேல் வைத்துத் திரும்பத் திரும்பச் செய்விப்பார். மீட்சி ஒழுங்கு இது: எஞ்சின் வலுவை (த்ரொட்டில்) முழுக்கக் குறை, எயிலரோனை நடுவில் வை, சுழற்சிக்கு எதிர்ப்பக்க றடரை முழுக்க மிதி, தண்டை முன்னுக்குத் தள்ளு, சுழற்சி நின்றதும் றடரை நடுவுக்குக் கொண்டுவந்து மெல்ல நிமிர்த்து. விமானத்துக்கு விமானம் சிறு வேறுபாடு உண்டு. அதன் கைநூல் சொல்வதே முடிவு. அதிகம் நடக்கும் பிழை, விழுந்த இறக்கையை எயிலரோனால் தூக்கப் பார்ப்பது. அந்தப் பக்க எயிலரோன் கீழிறங்க, ஏற்கெனவே ஸ்டோலான இறக்கையின் கோணம் இன்னும் கூடும். அடுத்தது, சுழற்சி நின்ற பிறகும் றடரை மிதித்தபடி இழுப்பது. மற்றப் பக்கம் ஸ்பின் தொடங்கும். எந்தப் பக்கம் சுழல்கிறோம் என்று குழம்பினால் திரும்பும் பக்கத்தைக் காட்டும் திரும்பல்மானியைப் பாருங்கள், அதிலுள்ள குழாயில் உருளும் குண்டை நம்ப வேண்டாம்.

சாதாரண 172 ஐக் கொண்டு ரோல் (பக்கவாட்டில் முழுச் சுற்று உருளல்), லூப் அடிக்கக் கூடாது. அதன் எல்லை, சாதாரண வகுப்பில் 3.8 ஜி. தலைகீழானால் எஞ்சினுக்கு எரிபொருள் ஒழுங்காகப் போகாது, எண்ணெய் அழுத்தம் விழும். செஸ்னா 152 ஏரோபட் 6 ஜி வரை தாங்கும், ஆனால் அதுவும் தலைகீழாக நீண்ட நேரம் நிற்கும் விமானமல்ல. சுப்பர் டெக்கத்லன்தான் பழகுபவருக்குத் தோதானது: 180 குதிரைவலு, 6 ஜி, தலைகீழாகவும் ஓடும் எண்ணெய் ஒழுங்கு. எக்ஸ்ட்றா 300, பிட்ஸ் எல்லாம் அழகு. ஆரம்பகாரருக்குத் தேவைக்கு மேல். இவற்றில் பெரும்பாலானவை வால்சில்லு விமானங்கள் (மூன்றாம் சில்லு வாலில் இருப்பவை), ஏற்ற இறக்கத்தைப் பயிற்றுநரிடம் விடுங்கள். அதையும் பழகப் போனால் கட்டிய நேரத்தில் பாதி ஓடுபாதையிலேயே போய்விடும்.

ரோலில் மூக்கை 20, 30 பாகை தூக்கி, தண்டைக் கொஞ்சம் முன்னுக்கு விட்டு, எயிலரோனை முழுக்கக் கொடுத்து, நிமிரும்வரை விடாமல் பிடிக்க வேண்டும். பாதியில் பயந்து எயிலரோனை விட்டுவிட்டுத் தண்டை இழுப்பதுதான் எல்லோரும் செய்வது. தலைகீழாக இருக்கும்போது இழுத்தால் மூக்கு நிலத்தைப் பார்க்கும், சில செக்கனில் வேகம் சிவப்புக்கோட்டை (விமானத்தின் உச்ச வேக எல்லை) தாண்டும். எந்த நிலைகுலைவிலும் முதலில் தள்ளு, பிறகு உருட்டி நிமிர்த்து, அதன் பிறகே இழு. இந்த வரிசை கையில் ஏறுவதற்குத்தான் காசு கொடுக்கிறீர்கள்.

லூப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டெக்கத்லனில் மணிக்கு 140 மைலில் தொடங்கி, மூன்றரை ஜி போல இழுங்கள். மெதுவாக இழுத்தால் உச்சியில் வேகம் தீர்ந்துவிடும். சடாரென்று இழுத்தால் தொடக்கத்திலேயே ஜி எல்லையைத் தாண்டலாம். உச்சியில் தண்டை இழுப்பதைத் தளர்த்தாவிட்டால் வட்டம் முட்டை வடிவமாகும்.

உடம்பு பற்றியும் கொஞ்சம். 65 கிலோ ஆள் 4 ஜியில் 260 கிலோ. மூன்று நெல் மூட்டையை மடியில் ஏற்றியது போல. இழுக்க முன் காலையும் வயிற்றையும் இறுக்கி, மூன்று செக்கனுக்கு ஒருமுறை சட்டென்று மூச்சை மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பார்வை சாம்பலாகும், பிறகு நினைவு தப்பும். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் போனவருக்கு இது கெதியாக வரும். வெறும் வயிற்றோடும் போகக் கூடாது. இரண்டு மணித்தியாலம் முன்பு இடியப்பமும் சொதியும் போதும், பொரியல் வேண்டாம். முதல் பறப்பு 25 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. கொட்டாவி, குளிர் வியர்வை, திடீர் மௌனம்: இவை சத்திக்கு முன்வரும் அடையாளம். அந்த நேரத்தில் நேராகப் பறந்து தரைக்கு வருவதே புத்தி. அடுத்த நாள் உடம்பு இன்னும் கொஞ்சம் தாங்கும். பொக்கற்றில் போன், சில்லறை, பேனை ஒன்றும் இருக்கக் கூடாது. தலைகீழாகும்போது விழுவது போய்க் கட்டுப்பாட்டுக் கம்பிகளுக்குள் சிக்கும். பாட்டா செருப்போடு போகாதீர்கள். அடி மெல்லிய சப்பாத்து வேண்டும், றடர் காலில் தெரிய வேண்டும்.

கிளிநொச்சியில் இருந்துகொண்டு செய்யக்கூடியது சிமுலேற்றர். ஒழுங்கையும் வெளிக்காட்சியையும் பழகலாம், ஆனால் ஜியும் இல்லை, றடரின் பாரமும் இல்லை. அதில் ரோல் அடிக்கும் கெட்டிக்காரர் உண்மையில் உச்சியில் கையை விடுவார்.

காணியை ஈடு வைத்துத்தான் வணிக லைசன்ஸ் முடிக்க வேண்டுமென்றால், ஏரோபட்டிக் தகுதி வரை போக வேண்டாம். விமானக் கம்பனிகள் அதற்காக வேலை தருவதில்லை. கனடாவில் உறவினர் வீட்டில் நின்று படிப்பவர்களுக்கு ஸ்பின் ஏற்கெனவே பாடத்திலேயே வரும். அமெரிக்காவில் பயிற்றுநராகப் போகிறவருக்கு மட்டும்தான் கட்டாயம். எங்கே போனாலும் காசு கட்ட முன் கேளுங்கள்: எந்த விமானம், பரசூட் கடைசியாக மடித்த திகதி என்ன, ஸ்பின்னை நானே தொடங்கி நானே மீட்கும்வரை செய்விப்பீர்களா, பறக்க முன் தரையில் எவ்வளவு நேரம் கதைப்பீர்கள். முதல் நாளே கேட்காமல் லூப் அடித்துக் காட்டுகிறவரிடம் மிச்சக் காசைத் திருப்பிக் கேளுங்கள்.