முதல் ஃபேஜ் செத்தாலும் வீணில்லை

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு தயிர் ஆலையில் ஆய்வக வேலை எனக்கு. பர்கூர், காவேரிப்பட்டணம் பக்கத்துப் பால்தான் அதிகம் வரும். தயிர் சரியாகத் தோயவில்லை என்றால் முதலில் பாலைத்தான் சந்தேகிப்போம். மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பால் கலந்திருந்தால் கல்ச்சர், அதாவது பாலைத் தயிராக்கப் போடும் பாக்டீரியா, வளராது. பால் சுத்தமாக இருந்தால் அடுத்த சந்தேகம் ஃபேஜ், அதாவது பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்.

பாக்டீரியாவும் சும்மா இருப்பதில்லை. தாக்க வந்த ஃபேஜின் டிஎன்ஏவிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தன் டிஎன்ஏவில் சேர்த்துக்கொள்ளும். அதே ஃபேஜ் மறுபடி வந்தால் அடையாளம் கண்டு நறுக்கிவிடும். கிரிஸ்பர் என்ற இந்த எதிர்ப்பு சக்தியை 2007இல் நிரூபித்ததே தயிரில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸை வைத்துத்தான். எங்கள் தொழிலின் கிருமி அது, அதில் எனக்குப் பெருமை உண்டு.

தப்பிக்க ஃபேஜுக்கும் வழிகள் உண்டு. அடையாளம் பார்க்கும் இடத்தில் டிஎன்ஏவின் ஓர் எழுத்து மாறினாலே பல சமயம் போதும். சில ராட்சத ஃபேஜ்கள் பாக்டீரியாவுக்குள்ளேயே புரதத்தால் ஓர் அறை கட்டி, டிஎன்ஏவை அதற்குள் பத்திரமாக வைத்துக்கொள்கின்றன.

ஆனால் நான் சொல்லி மாளாதது இன்னொன்று. கிரிஸ்பரையே முடக்கும் புரதங்கள் சில ஃபேஜ்களிடம் இருப்பதை 2013இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தார் கண்டுபிடித்தார்கள். அப்புறம் தயிர்க் கிருமியைத் தாக்கும் ஃபேஜ்களிலும் அப்படிப்பட்டவை கிடைத்தன. சிக்கல் என்னவென்றால், உள்ளே நுழைந்த பிறகுதான் ஃபேஜ் அந்தப் புரதத்தைத் தயாரிக்க முடியும். அதற்குள் பாக்டீரியா ஃபேஜை வெட்டிவிடலாம். வெட்டட்டும். சாவதற்குள் தயாரான கொஞ்சம் புரதம் செல்லுக்குள் தங்கிவிடுகிறது, எதிர்ப்பு சிறிது நேரம் தளர்கிறது, அடுத்து நுழையும் ஃபேஜ் ஜெயிக்கிறது! 2018இல் வந்த இரண்டு ஆய்வுகள் இதைக் காட்டின. ஆக, எண்ணிக்கைதான் முடிவு செய்கிறது. ஃபேஜ் ஓர் அளவுக்குக் கீழே இருந்தால் அடங்கிவிடும், அதைத் தாண்டினால் பரவிவிடும்.

அந்த ஆய்வுகள் நடந்தது சூடோமோனாஸ் என்ற வேறொரு பாக்டீரியாவில். இருந்தாலும் எங்கள் வேலைக்கு அதில் விஷயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஃபேஜைத் தாங்கும் கல்ச்சர் என்று நம்பி டேங்க் கழுவுவதில் அசட்டையாக இருக்கக்கூடாது. வால்வு இடுக்கில் தங்கும் பழைய தயிரில்தான் ஃபேஜ் சேரும். ஒரே கல்ச்சரைத் தொடர்ந்து போடாமல் மாற்றி மாற்றிப் போடுவதும் அந்த எண்ணிக்கை ஏறாமல் இருக்கத்தான். புதிதாக வரும் பையன்கள் ஏன் இத்தனை கழுவல் என்று கேட்டால், உட்கார வைத்து இதைத்தான் சொல்கிறேன்.