வயிற்றுக்குள்ளிருந்து ஒளிரும் செய்தி
2018இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக (எம்.ஐ.டி.) ஆய்வாளர்கள் பன்றிகளின் வயிற்றில் சோதித்துப் பார்த்த மாத்திரையைப் பற்றி இன்று மீண்டும் வாசித்தேன். ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் நீளமுள்ள அதன் சிறு குழிகளில், இரத்தத்திலுள்ள ஹீம் என்னும் பொருளை உணர்ந்தால் ஒளிரும்படி மரபணு மாற்றப்பட்ட ஈ.கோலை பாக்டீரியாக்கள், வெளியேறிவிடாதபடி மெல்லிய சவ்வுக்குப் பின்னால் அடைக்கப்பட்டிருந்தன. வயிற்றில் இரத்தம் இருந்தால் அவை மின்மினியைப் போல மங்கலாக ஒளிர, அந்த ஒளியை அடியிலுள்ள ஒளியுணரி அளந்து வானொலி அலை வழியாகக் கைப்பேசிக்கு அனுப்பிவிடுகிறது.

வெறும் 13 மைக்ரோவாட் மின்சாரத்தில் மாத்திரைக்குள்ளிருக்கும் மின்னணுச் சிப் இயங்குவது பெரிய திறமைதான் என்றாலும், இரத்தத்தை இனங்காணும் நுட்பமான வேலையை உயிருள்ள செல்லிடமே ஒப்படைத்த துணிச்சல்தான் என்னை அதிகம் வியக்கவைத்தது. வயிற்றின் உட்புறத்தைப் பார்க்கும் எண்டோஸ்கோபிக் குழாயை ஒருமுறை குமட்டலோடு விழுங்கியவன் என்ற முறையில், இத்தகைய மாத்திரை மருத்துவமனைக்கு வரும் நாளுக்காகக் காத்திருக்கிறேன்.