தங்கச்சி கலியாணமும் ஒரு பெயர்த் திருத்தமும்

போன ஆவணியில் தங்கச்சிக்குப் பரிசம் போட்டார்கள். மாப்பிள்ளை வீடு தலவாக்கலைப் பக்கம், நாங்கள் பொகவந்தலாவை, இரண்டும் இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டப் பகுதிகள். அப்பா இல்லாததால் கலியாண வேலை முழுக்க என் பொறுப்பு. எல்லாரும் மண்டபம், மேளம், சாப்பாடு என்றுதான் முதலில் கேட்டார்கள். தோட்டத்தில் கலியாணம் வைக்கிறவர்களுக்கு நான் சொல்வது வேறு: முதலில் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள்.

தங்கச்சியின் அடையாள அட்டையில் லட்சுமி. பிறப்புச் சான்றிதழில் லெச்சமி. அப்பாயி வாயால் சொன்னதைக் காதில் விழுந்தபடி சிங்களத்தில் எழுதிவிட்டார்கள். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இப்படிப் பெயர் மாறாத வீடு குறைவு. விவாகப் பதிவாளர் நல்ல மனிதர்தான், ஆனால் பெயரைத் திருத்திக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார். பாடசாலை விடுகைப் பத்திரம், கிராம சேவகர் கடிதம், அம்மாவின் சத்தியக்கடதாசி எல்லாம் சேர்த்து விண்ணப்பம் கொடுத்தோம். ஒரு அலுவலகத்தில் "அடுத்த கிழமை வாங்க" என்றே நான்கு முறை அனுப்பினார்கள். ஒவ்வொரு முறையும் அம்மாவுக்கு ஒரு நாள் பேர், அதாவது அன்றைய வேலையும் சம்பளமும், போனது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. திருத்திய சான்றிதழ் கைக்கு வரும்போது கார்த்திகை பிறந்துவிட்டது.

மாப்பிள்ளையும் பெண்ணும் வேறு வேறு பதிவாளர் பிரிவில் இருந்தால், கலியாணம் செய்யப் போகிறோம் என்ற விவாக அறிவித்தலை அவரவர் பதிவாளரிடம் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். கொடுத்து 12 நாள் கழித்துத்தான் அந்த அறிவித்தலுக்கான சான்றிதழ் தருவார்கள். 3 மாதத்துக்குள் கலியாணம் நடக்காவிட்டால் அந்த அறிவித்தல் செல்லாது. அதனால் ரொம்ப முந்தியும் கொடுக்க முடியாது. மார்கழி நடுவில் கொடுத்தோம், சரியாக இருந்தது.

தேதிக்கும் ஒரு இழுபறி. எங்கள் ஐயர் வாக்கியப் பஞ்சாங்கம் பார்ப்பவர், அவர்கள் பக்கத்து ஐயர் திருக்கணிதம். ஒரு பஞ்சாங்கத்தில் நல்ல நாளாக இருப்பது இன்னொன்றில் ஆகாமல் போகும். கடைசியில் இரண்டு ஐயரையும் போனில் பேச வைத்தோம். தையில், இரண்டு கணக்குக்கும் ஒத்துவந்த ஒரு ஞாயிறு, காலை 9 மணிக்கு மேல் முகூர்த்தம். தை எங்கள் பக்கம் மழை குறைந்த மாதம், ஆனால் குளிர் எலும்பைத் துளைக்கும்.

அந்தக் குளிரில் அப்பாயி பட்ட கவலை, கலியாணச் சடங்குக்கு வளர்க்கும் முளைப்பாலிகைக்குத்தான். சட்டியில் நவதானியம் போட்டு மூன்று நாளாகியும் ஒரு முளை தலைகாட்டவில்லை. அப்பாயி ஐந்து சட்டியையும் அடுப்படிக்குத் தூக்கிவந்து, பழைய கம்பளியால் மூடி, ராத்திரி எழுந்து எழுந்து வெதுவெதுப்பான தண்ணீர் தெளித்தார். ஐந்தாம் நாள் காலையில் கம்பளியை விலக்கிக் காட்டினார். பச்சை ஏறாத மஞ்சள் முளை, ஒரு விரல் உயரத்துக்கு, ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு நின்றது. அம்மா அழுதுவிட்டார்.

வாழை மரமும் இலையும் கினிகத்தேனையிலிருந்து லொறியில் வந்தன. கேரட், போஞ்சி, கோவா எல்லாம் நுவரெலியா மரக்கறி, அதற்குப் பஞ்சமில்லை. தேங்காய்தான் விலை. சமையலுக்கு லயத்து ஆட்களே நின்றார்கள், கிடாரத்தை மட்டும் கோவிலில் வாங்கினோம்.

யாருக்குச் சொல்வது என்று குழம்பியபோது அப்பாவின் பழைய மொய் நோட்டு கைகொடுத்தது. யார் எந்தக் கலியாணத்தில் எவ்வளவு செய்தார்கள் என்று அவர் கையெழுத்தில் வரிசையாக இருந்தது. நான் மறந்தே போன வீடுகள் அதில் இருந்தன. பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு ஆட்கள் வீடு திரும்பிய பிறகு, வெற்றிலை பாக்கோடு ஒவ்வொரு லயமாகப் போய்ப் பத்திரிகை வைத்தோம்.

தாலி கட்டி முடிந்ததும் பதிவாளர் மணவறைக்குப் பக்கத்திலேயே மேசை போட்டுப் பதிவுப் புத்தகத்தை விரித்தார். தங்கச்சியின் பெயரைச் சத்தமாக வாசித்து, "சரிதானே?" என்று கேட்டார். "சரிங்க சேர்" என்று அவளுக்கு முந்தி அம்மா சொன்னார்.