உத்தரவு வருவதற்கு முன்பே

2021 செப்டம்பர் பிற்பாதியில் சிங்கப்பூரில் கொவிட்-19 தொற்று வேகமாகக் கூடியபோது, தடுப்பூசி போட்டுக்கொண்டு லேசான அறிகுறிகளோடு இருந்தவர்களை மருத்துவமனைக்கு அனுப்பாமல் வீட்டிலேயே குணமடைய விடும் திட்டத்தைச் சுகாதார அமைச்சு விரிவுபடுத்தியது. அந்தச் சமயத்தில்தான் என் கணவருக்குத் தொற்று உறுதியானது.

ஈசூனிலுள்ள எங்கள் நாலறை வீட்டில், கழிவறையோடு கூடிய படுக்கையறையை அவருக்கு ஒதுக்கிவிட்டு, நானும் மகனும் மாமியாரும் மற்ற அறைகளுக்கு மாறிக்கொண்டோம். அறைக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் முக்காலி போட்டிருந்தேன். சாப்பாட்டை அதில் வைத்துக் கதவைத் தட்டிவிட்டு நான் சமையலறைக்குத் திரும்பிய பிறகே அவர் எடுத்துக்கொள்வார்.

எங்கள் மூவருக்கும் தனிமைப்படுத்தும் உத்தரவு குறுஞ்செய்தியில் வரும் என்றார்கள். அது உடனே வரவில்லை. அந்த உத்தரவை மீறினால் தொற்றுநோய்ச் சட்டப்படி 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதமோ 6 மாதம் வரை சிறையோ இரண்டுமோ அப்போது விதிக்கப்படலாம் என்றிருந்தது. ஆனால் உத்தரவே கைக்கு வராதபோது, நாங்கள் கீழே இறங்கிக் காப்பிக்கடைக்குப் போயிருந்தாலும் தடுக்க ஆளில்லை. நாங்கள் போகவில்லை. எதிர்வீட்டு மலாய்க்கார அக்கா, யாரும் கேட்காமலேயே பாலும் காய்கறியும் வாங்கி வந்து எங்கள் கம்பிக்கதவில் மாட்டிவிட்டுப் போனார். அபராதத்துக்குப் பயந்துதான் சிங்கப்பூரர்கள் அடங்கியிருக்கிறார்கள் என்று அடித்துச் சொல்பவர்கள் இப்படிப்பட்ட நாள்களைக் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை.

எங்கள் பொறுப்பு எட்டாத இடம் ஒன்றும் இருந்தது. ஒரு நாள் இரவு, டெமாசெக் அறநிறுவனம் அந்த ஆண்டு வீட்டுக்கொன்றாக இலவசமாக வழங்கிய ஆக்சிமீட்டரில் (விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் கருவி) என் கணவரின் ஆக்சிஜன் அளவு 95 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியது. உதவி எண்ணை அழைத்தால், காத்திருக்கச் சொல்லும் பதிவுசெய்த குரலே திரும்பத் திரும்பக் கேட்டது. பிறகு இணைப்பு துண்டிக்கப்பட்டது. கடைசியில் எங்கள் குடும்ப மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்தேன். விரல்கள் குளிர்ந்திருந்தால் அளவு குறைவாகக் காட்டக்கூடும், கையைச் சூடேற்றிவிட்டு மறுபடி பாருங்கள் என்றார் அவர். இரு கைகளையும் தேய்த்துக்கொண்டு மீண்டும் மாட்டியபோது 97 காட்டியது. கருவியைக் கொடுத்தவர்கள் மீது எனக்குக் குறையில்லை. அது காட்டும் எண்ணுக்கு அர்த்தம் சொல்ல, அந்த நேரத்தில் ஒரு மனிதர் தொலைபேசியை எடுக்க ஏற்பாடு செய்திருக்க வேண்டும். அதை அக்கம்பக்கத்தாரோ நானோ செய்ய முடியாது.

திட்டம் திணறியதை அரசாங்கமும் உணர்ந்துதான் ஆயுதப் படையினரை உதவிக்குக் கொண்டுவந்தது. அக்டோபர் 11 முதல் நடைமுறைகள் எளிமையாக்கப்பட்டு, நோயாளியோடு தொடர்பில் இருந்தவர்களுக்குத் தனிமை உத்தரவுக்குப் பதிலாக ஏஆர்டி என்ற விரைவுப் பரிசோதனைக் கருவியால் தாங்களே செய்துகொள்ளும் சுயபரிசோதனை வந்தது. மக்களை நம்பலாம் என்ற அந்த முடிவை நான் வரவேற்றேன். ஆனாலும் அதற்குப் பிறகு தெரிந்தவர்கள் வீட்டில் யாருக்காவது தொற்று என்று கேள்விப்பட்டால், இரவில் அழைத்தாலும் பேசக்கூடிய மருத்துவர் ஒருவரின் எண்ணை முதலில் வாங்கி வைத்துக்கொள்ளும்படிதான் சொல்லிவந்தேன்.