முடி முளைத்த பிறகும் முடியாத வேலை

எங்கள் நாய் மணியின் காதோரம் வட்டமாக முடி கொட்டி, தோலில் சாம்பல் தூவியதுபோல் செதில் தெரிந்தது. அவன் சொறியவே இல்லை. அரிப்பு இல்லாவிட்டால் பூஞ்சையாக இருக்காது என்று பலரும் சொன்னார்கள். நாய்க்கு வரும் படர்தாமரை என்ற பூஞ்சைத் தொற்றில் அரிப்பு இல்லாமலும் போகலாம்.

கால்நடை மருத்துவர் அறையை இருட்டாக்கிப் புறஊதா விளக்கை அடித்துப் பார்த்தார். சில முடிகள் மட்டும் வேரோரம் பச்சையாக மின்னின. மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற பூஞ்சை இப்படி ஒளிரும். வேறு பூஞ்சைகள் பெரும்பாலும் ஒளிராது. அதனால் விளக்கை மட்டும் நம்பாமல், முடியைப் பிடுங்கி, அதிலிருந்து பூஞ்சை வளர்கிறதா என்று பார்க்கும் வளர்ப்புச் சோதனைக்கும் அனுப்பினார். முடிவு வர வாரக்கணக்கில் ஆகும் என்பதால் மருந்தை அன்றே தொடங்கிவிட்டோம்.

கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை, அப்புறம் சாப்பாட்டோடு இட்ரகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மாத்திரை. மாத்திரையில் தொல்லை இல்லை. ஷாம்பூதான் படுத்தி எடுத்தது. குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியும் மைக்கோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லியும் கலந்தது, வாரம் இரண்டு முறை. நுரை 10 நிமிடம் தோலில் ஊற வேண்டும். ஈர நாயை 10 நிமிடம் உதறாமல் நிறுத்திப் பாருங்கள், தெரியும்! ஒரு கை கழுத்துப்பட்டையில், மறு கை தாடைக்கடியில் என்று நானும் அவனோடு சேர்ந்து நனைந்தேன். நக்கிவிடாமலும் பார்க்க வேண்டும்.

தெரிந்தவர் ஒருவர் தன் தோலுக்கு வாங்கிய களிம்பைக் கொடுத்தார். அதில் ஸ்டீராய்டு இருந்தது. சிவப்பு குறையும், பூஞ்சை பரவும் என்று மருத்துவர் தடுத்துவிட்டார்.

வீட்டைச் சுத்தம் செய்வதுதான் பாதி வைத்தியம். உதிர்ந்த முடியில் ஒட்டியிருக்கும் பூஞ்சை வித்துகள் ஓராண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கலாம். மணியைத் தரைவிரிப்பு இல்லாத ஓர் அறையில் வைத்தோம். வேக்குவம் க்ளீனர் ஓயவே இல்லை. அவன் விரிப்புகளைத் தனியாகத் துவைத்தோம். இத்தனை செய்தும் அந்தப் பூஞ்சை எனக்கும் தொற்றி, என் முன்கையில் ஒரு சிவப்பு வளையம் வந்தது. தோல் மருத்துவர் தந்த மருந்தில் ஆறியது.

மணிக்குப் புது முடி முளைத்ததும், இனி மருந்து எதற்கு என்று வீட்டில் பேச்சு எழுந்தது. தோல் பார்க்க நன்றாக இருந்தாலும் முடியில் பூஞ்சை மிச்சமிருக்கலாம். வளர்ப்புச் சோதனையில் அடுத்தடுத்து இரண்டு முறை ஒன்றும் வளரவில்லை என்று தெரிந்த பிறகுதான் மருத்துவர் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். பழைய சீப்பையும் துணிக் கழுத்துப்பட்டையையும் அன்றே குப்பையில் போட்டேன். அவற்றைத் தேய்த்துக் கழுவ எனக்குத் தெம்பு இல்லை.