பூவரசுக்கு எத்தனாவது ரேங்க்?

2018 தீபாவளி முடிந்த வாரம். ஜெர்மனிக்குப் போய் மேற்படிப்பு படிக்க வீட்டில் ஒருவழியாகத் தலையாட்டியிருந்தார்கள். கோவையில் ஒரு கன்சல்டன்சிக்குப் போனேன். ஐந்து பல்கலைக்கழகங்களின் பெயரும், பக்கத்தில் உலகத் தரவரிசை எண்ணும் அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்தார்கள். மெக்கானிக்கல் படித்த எனக்கும், பக்கத்து நாற்காலியில் எம்.பி.ஏ. கேட்டு வந்த பையனுக்கும் கிட்டத்தட்ட அதே தாள்.

அந்த எண் எப்படி வருகிறது என்று ராத்திரி உட்கார்ந்து தேடினேன். க்யூஎஸ் என்ற உலகத் தரவரிசைப் பட்டியலில் அப்போது 40 சதவீதம், பேராசிரியர்களிடம் கருத்துக் கேட்டுப் போடும் நற்பெயர்க் கணக்கு. ஷாங்காய் தரவரிசைப் பட்டியலில் 30 சதவீதம் நோபல் பரிசுக்கும் கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கத்துக்கும்: அங்கே படித்துப் பரிசு வாங்கியவர்களுக்கு 10, வேலை பார்க்கிறவர்களுக்கு 20. எனக்கு வேண்டியது மெஷின் டிசைனில் ஒரு வேலை. கணித மேதை எந்தக் கட்டடத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்பது எனக்கு எதற்கு?

அந்தத் தேடலில்தான் யூ-மல்டிரேங்க் கண்ணில் பட்டது. ஐரோப்பிய ஆணையத்தின் பணத்தில், ஜெர்மனியின் சிஎச்இ என்ற உயர்கல்வி மையமும் நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழக ஆய்வாளர்களும் முன்னின்று உருவாக்கி, 2014-இல் வெளியிட்டது. அதில் முதல் இடம், பத்தாவது இடம் என்று எதுவும் இருக்கவில்லை. கற்பித்தல், ஆராய்ச்சி, அறிவைத் தொழிலுக்குக் கொண்டுபோவது, பன்னாட்டுத் தொடர்பு, உள்ளூர் வட்டாரத்தோடு உறவு என்று ஐந்து பக்கம். ஒவ்வொன்றின் கீழும் பல அளவீடுகள், ஒவ்வொரு அளவீட்டுக்கும் ஏ (மிக நல்லது) முதல் ஈ வரை ஓர் ஆங்கில எழுத்து. எல்லாவற்றையும் கூட்டி ஒரே மொத்த மதிப்பெண் போடவில்லை. எது முக்கியம் என்று நாம்தான் டிக் செய்ய வேண்டியிருந்தது.

அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனம்மணி, இதுல எத்தனாவது ரேங்க்குன்னு போடவே இல்லையே?"

"ரேங்க் கிடையாதுங்கப்பா. நமக்கு என்ன வேணுமோ அதை வெச்சுப் பாத்துக்கணும்."

அப்பா மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நம்ம கடைக்கு வந்து நெம்பர் ஒன் மோட்டார் குடுங்கன்னா நான் எதைக் குடுக்கறது? போர் எத்தனை அடி, சிங்கிள் ஃபேஸா த்ரீ ஃபேஸான்னு கேக்கோணுமல்ல. அது மாதிரியா?" என்றார். அது மாதிரிதான்.

ஆனால் போர் எத்தனை அடி என்று எனக்கே தெரியவில்லை! முதல் நாள் பதினொரு அளவீடுகளை டிக் செய்தேன். எல்லாமே நல்லதாகத்தானே தெரிகிறது. திரையில் சூரியகாந்திப் பூ மாதிரி ஒரு வட்டப் படம் வரும். ஒவ்வொரு அளவீடும் ஓர் இதழ், இதழ் நீண்டிருந்தால் நல்லது. பதினொரு இதழோடு எல்லாப் பூவும் ஒன்றுபோலவே இருந்தன.

கூடப் படித்த தோழி ஒருத்தி அப்போது வேலை தேடிக்கொண்டு வீட்டில் இருந்தாள். அவள் கேட்ட ஒரே கேள்வி: "லோனை எப்போ அடைக்கணும்?" அதிலிருந்து எல்லாம் வரிசையாக வந்துவிட்டது. படிப்பு ஒரு செமஸ்டர் நீண்டாலும் சாப்பாடும் வாடகையும் வட்டியும் சேரும். ஆகவே உரிய காலத்தில் பட்டம் முடிப்பவர்கள் எத்தனை பேர் என்பது வேண்டும். வேலைதான் குறி என்பதால் பாடத்திட்டத்தில் தொழில் நிறுவனத் தொடர்பு வேண்டும். மாணவர் கருத்துக் கணிப்பிலிருந்து ஆய்வக வசதி, ஆசிரியரை எளிதாகப் பார்த்துப் பேச முடிகிறதா என்ற இரண்டும். மொத்தம் நான்கு. ஆராய்ச்சிக் கட்டுரைகள் எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்ற கணக்கை எடுத்துவிட்டோம்.

இப்போது வெட்கமான ஒரு விஷயம். புகழ்பெற்ற ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மேல் எனக்கு மூன்றாம் ஆண்டிலிருந்தே ஆசை. நான்கு அளவீடுகளில் அது பின்னால் போனது. நான் என்ன செய்தேன்? 'உரிய காலத்தில் பட்டம்' என்பதைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டு, வெளிநாட்டு மாணவர் விகிதத்தைச் சேர்த்தேன். அது மேலே வந்தது. தோழி கையும் களவுமாகப் பிடித்தாள். மற்ற பட்டியல்களில் யாரோ போட்ட கணக்கை நாம் திட்டலாம். இதில் கணக்கைப் போடுவதும் நாம், ஏமாற்றுவதும் நாம்.

அப்புறம் அவளே ஒரு வழி செய்தாள். ஒன்பது இடங்களின் எழுத்துகளை எக்செல்லில் இறக்கி, பெயர்களை அழித்துவிட்டு மரங்களின் பெயர் வைத்தாள்: வேம்பு, புளி, புங்கன், பூவரசு, இன்னும் ஐந்து. எது எது என்று எனக்குச் சொல்லவில்லை. அளவீட்டை மாற்ற எனக்கு உரிமை கிடையாது. பூவரசும் புங்கனும் முன்னால் நின்றன. பூவரசு எது என்று சொன்னபோது, அந்தப் பெயரையே நான் கேள்விப்பட்டதில்லை. ஒரு சின்ன ஊரில் இருக்கும் பயன்முறை அறிவியல் பல்கலைக்கழகம், அதாவது ஆராய்ச்சியைவிடத் தொழிலுக்கான படிப்பில் கவனம் வைக்கும் இடம்.

அதற்காக எழுத்துகளை அப்படியே நம்பிவிடக் கூடாது. கட்டுரை, காப்புரிமைக் கணக்குகளைத்தான் அவர்களால் பொதுத் தரவிலிருந்து எடுக்க முடிந்தது. மற்ற பெரும்பாலானவற்றைப் பல்கலைக்கழகமே கொடுக்க வேண்டியிருந்தது. கொடுக்காத இடத்தில் வெறும் கோடு. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் எல்லாம் உறுப்பினராக உள்ள ஐரோப்பிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகக் கூட்டமைப்பு 2013-லேயே இதிலிருந்து விலகிக்கொண்டது. கோடு இருந்தால் மோசம் என்று அர்த்தமில்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் அர்த்தம். மாணவர் திருப்தி இன்னும் வம்பு. வசதியாகப் படித்துப் பழகியவர் ஆய்வகத்துக்குக் குறைந்த மதிப்பெண் போடுவார். எங்கள் கல்லூரியில் ஒரே லேத்தைப் பன்னிரண்டு பேர் சுற்றி நின்று பார்த்த நான் அதற்கே அள்ளிப் போட்டிருப்பேன்.

புங்கனுக்கு இரண்டு கோடுகள் இருந்தன. அங்கே படித்துக்கொண்டிருந்த மூன்று தமிழ்ப் பிள்ளைகளுக்கு எழுதி, எத்தனை செமஸ்டரில் முடிக்கிறார்கள், தேர்வுக்கு இடையில் இன்டர்ன்ஷிப் போக முடிகிறதா என்று கேட்டேன். இரண்டு பேர் பதில் போட்டார்கள். இரண்டு பேருக்கும் ஆறாவது செமஸ்டர் ஓடிக்கொண்டிருந்தது. அது நான்கு செமஸ்டர் படிப்பு.

மற்றதெல்லாம் எல்லோரும் படும் பாடுதான்: விண்ணப்பங்களை வாங்கும் யூனி-அசிஸ்ட், சான்றிதழ் நகல்கள், விசாவுக்காக முடக்கக் கணக்கில் போட வேண்டிய யூரோ. நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ் அப்போது நமக்குக் கட்டாயமில்லை. 2022 நவம்பரில்தான் அது கட்டாயமானது. 2019-இல் பூவரசில் சேர்ந்தேன். ஆராய்ச்சிக் கட்டுரை மேற்கோள் கணக்கில் அதற்கு டி. படிப்பு முடிந்து முனைவர் பட்டத்துக்குப் போகலாமா என்று ஒரு யோசனை வந்தபோது அந்த டி என்னை நன்றாகவே முறைத்துப் பார்த்தது. தோழியோடு சேர்ந்து எடுத்துவிட்ட அளவீடு அது.

கிளம்புவதற்கு முந்தின மாதம் பொள்ளாச்சியில் ஒரு கல்யாணம். பந்தியில் பெரியப்பா கேட்டார், "பாப்பா போற காலேஜ் உலகத்துல எத்தனாவதுங்க?"

அப்பா ரசம் ஊற்றக் கை காட்டிக்கொண்டே சொன்னார்: "கம்பெனிப் பழக்கம் ஏ, லேபு ஏ, வாத்தியாருங்க பி, ஆராய்ச்சி டி."

"டி-யா?" என்று பெரியப்பா இலையிலிருந்து நிமிர்ந்தார்.

"நம்ம போருக்கு அது போதுமுங்க."