கடைசி இரண்டு இலக்கங்கள்

மருத்துவமனையில் வேலை என்று சொன்னால் கேட்பவர் முகம் மலரும். ரெக்கார்டு ரூமில் உதவியாளர் என்று சொல்லி முடிப்பதற்குள் அந்த மலர்ச்சி வாடிவிடும். பட்டம் வாங்கிவிட்டு ஃபைல் எடுத்துக் கொடுக்கிறாயா என்று வாய்விட்டுக் கேட்டவர்களும் உண்டு. கேட்காமல் பேச்சை மாற்றியவர்கள்தான் அதிகம் உறுத்தினார்கள்.

வேலை இதுதான். மறுநாள் புறநோயாளிப் பிரிவுக்கு வரவிருப்பவர்களின் பட்டியல் மாலையில் வரும். அதைப் பார்த்து அலமாரியிலிருந்து ஃபைல்களை உருவ வேண்டும். உருவிய இடத்தில், அந்த ஃபைல் யாரிடம் போயிருக்கிறது என்று எழுதிய அட்டை ஒன்றைச் செருக வேண்டும். திரும்பி வந்தவற்றை அவற்றின் இடத்தில் வைக்க வேண்டும். தள்ளுவண்டி, ஏணி, தூசி, முதுகு வலி. இதற்கு மூளை எதற்கு என்றுதான் சேர்ந்த புதிதில் நினைத்தேன்.

அந்த நினைப்பை அசைத்தவை ஃபைல் எண்கள். ஆறு இலக்கம், இரண்டிரண்டாகப் பிரித்துப் பின்னாலிருந்து படிக்க வேண்டும். 45-67-12 என்றால் முதலில் 12ஆம் பகுதிக்குப் போக வேண்டும். அங்கே 67, அதற்குள் 45. ஏன் இப்படித் தலைகீழாக என்று பிரிவின் மூத்த உதவியாளரான அக்காவிடம் கேட்டேன். "நேர் வரிசையில் அடுக்கிப் பார், தம்பி. புதிதாகப் பதிகிறவர்கள் எல்லோருடைய ஃபைலும் கடைசி அலமாரியில் போய்க் குவியும். நாம் அத்தனை பேரும் அங்கேயே இடித்துக்கொண்டு நிற்போம்" என்றார். கடைசி இரண்டு இலக்கத்தைப் பிடித்தால், அடுத்தடுத்து வரும் நூறு எண்களும் 00 முதல் 99 வரையுள்ள நூறு பகுதிகளுக்கும் ஆளுக்கொன்றாகப் பிரிந்துவிடும். எந்தத் தட்டும் பிதுங்காது. ஒவ்வொருவருக்கும் இத்தனை பகுதி என்று வேலையையும் சமமாகப் பங்கிடலாம். எனக்கு முன்னால் யாரோ உட்கார்ந்து இந்த வேலைக்காகத் தலையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது தெரிந்ததும், அதன் மேல் ஒரு மரியாதை வந்தது.

பிறகு தேடிப் படித்தேன். 1863இலேயே ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல், ஒப்பிட்டுப் பார்க்கத் தகுந்த பதிவேடுகள் மருத்துவமனைகளில் கிடைப்பதே அரிது என்று எழுதி நொந்துகொண்டிருக்கிறார். ஒரு நோயாளிக்கு ஓர் எண், அவருடைய எல்லாத் தாள்களும் ஒரே உறைக்குள் என்ற ஏற்பாட்டை அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஹென்றி பிளம்மர் என்ற மருத்துவர் 1907இல் கொண்டுவந்தார். அதற்கு முன் அங்கே ஒவ்வொரு மருத்துவரும் தமக்கென்று ஒரு பேரேடு வைத்திருந்தார்கள். ஒரே ஆளின் உடம்புக் கதை பல பேரேடுகளில் சிதறிக் கிடந்தது. நான் தூசி தட்டும் உறை ஒருவர் போராடி உருவாக்கிய பொருள் என்பது எனக்குப் புதிய செய்தி.

ஆனாலும் படித்துத் தெரிந்துகொண்டதைவிட, பார்த்ததுதான் என்னை மாற்றியது. ஒருநாள் அவசரமாகக் கேட்ட ஃபைலை நானே கொண்டுபோக வேண்டியிருந்தது. மருத்துவர் எதிரே ஒரு முதியவர். முன்பு என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்ற கேள்விக்கு, "சின்னதாக, வெள்ளை மாத்திரை" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். உலகில் பாதி மாத்திரை சின்னதாகவும் வெள்ளையாகவும்தான் இருக்கிறது. மருத்துவர் ஃபைலைப் பிரித்து, பழைய டிஸ்சார்ஜ் தாளைப் புரட்டி, மருந்தின் பெயரையும் அளவையும் படித்துவிட்டு மேற்கொண்டு எழுத ஆரம்பித்தார். என்னை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கூச்சமாக இருந்திருக்கும். ஆனால் அன்று மாலை 12ஐயும் 21ஐயும் ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்தேன். தவறான தட்டுக்குப் போன ஃபைல், கட்டடத்துக்குள்ளேயே இருந்தும் தொலைந்த ஃபைல்தான். அது இல்லாவிட்டால் அந்த முதியவரிடம் மிஞ்சுவது வெள்ளை மாத்திரை மட்டுமே.

எங்கள் மேலாளர் கூட்டத்துக்குக் கூட்டம் "நாம் உயிர் காக்கும் பணியில் இருக்கிறோம்" என்பார். நல்ல மனிதர். அந்த வாக்கியம் என் முதுகு வலியை ஒருநாளும் குறைத்ததில்லை. ஏன் என்பதற்கு, ஆடம் கிராண்ட் என்ற உளவியலாளரும் சகாக்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வில் விடை கிடைத்தது. கல்வி உதவித்தொகைக்காகத் தொலைபேசியில் நன்கொடை கேட்கும் ஊழியர்களில் ஒரு குழுவை, அந்தத் தொகையால் படிக்கும் மாணவர் ஒருவரோடு சில நிமிடம் பேச வைத்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், அவர்கள் தொலைபேசியில் செலவிட்ட நேரமும் திரட்டிய பணமும் இரட்டிப்புக்கு மேல் உயர்ந்திருந்தன. மாணவரின் கடிதத்தை மட்டும் வாசித்தவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. எங்கள் மேலாளரின் வாக்கியமும் அப்படிப்பட்ட கடிதம்தான். மேலாளர்களே, எங்களுக்கு உரை வேண்டாம். மாதம் ஒருமுறை மருத்துவர் அறை வாசல்வரை அனுப்பிவையுங்கள்.

இதற்கு மறுபக்கம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. விலங்குக் காட்சிசாலைப் பராமரிப்பாளர்களைப் பற்றி 2009இல் ஓர் ஆய்வு வந்தது. தங்கள் வேலையைப் பிறவிக் கடமையாக நினைப்பவர்கள் அதில் ஆழ்ந்த நிறைவைக் காண்கிறார்கள். கூடவே சம்பளம், ஓய்வு, சொந்த நேரம் எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கவும் துணிகிறார்கள். அந்தத் துணிவை நிர்வாகம் பயன்படுத்திக்கொள்ளும் ஆபத்தையும் ஆய்வாளர்கள் சுட்டியிருந்தார்கள். படித்தபோது எங்கள் அக்காவைத்தான் நினைத்தேன். மேல்தட்டுக்கு ஒழுங்கான ஏணி கேட்டு அவர் எழுதிய கடிதத்துக்கு வந்த பதில், "நீங்கள் அர்ப்பணிப்போடு பணியாற்றுகிறவர்" என்ற பாராட்டு. ஏணி வரவில்லை. இரண்டாவது முறை கடிதம் போனபோது அதில் என் கையெழுத்தும் இருந்தது. கடைநிலை வேலையிலும் அர்த்தம் உண்டு என்று நம்புகிறவன்தான் நான். அந்த அர்த்தத்தைக் காட்டிச் சம்பளத்தைக் குறைக்க யாருக்கும் உரிமை இல்லை என்றும் நம்புகிறேன்.

இந்த வேலையிலேயே கடைசிவரை இருப்பேனா என்று கேட்டால், மாட்டேன். மருத்துவர் எழுதும் நோய்ப் பெயர்களை உலக சுகாதார நிறுவனத்தின் குறியீடுகளாக மாற்றும் பயிற்சியில் சேர்ந்திருக்கிறேன். ஜே45 ஆஸ்துமா, ஐ10 காரணம் புலப்படாத உயர் ரத்த அழுத்தம், ஈ11 இரண்டாம் வகை நீரிழிவு. வகுப்பில் மற்றவர்கள் மருத்துவர்களின் கையெழுத்தைப் பார்த்து மிரளும்போது எனக்கு மட்டும் அது பழகிய எழுத்தாக இருக்கிறது. ஃபைலை வைக்கும்போது உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது என்பது விதி. மேல் அட்டையிலும் வேண்டுகோள் சீட்டுகளிலும் இருக்கும் கிறுக்கலே அந்தக் கையெழுத்து பழகப் போதுமானதாக இருந்தது.